துவக்கைத் திறந்து பாருங்க

(மாதாந்தக் குடும்பக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

 

நம்ம லயத்துப் பிள்ளைகள் சில பேர் மலையை விட்டு இறங்கிப் புத்தளம் கரையோரத்துக்கு வேலைக்குப் போறாங்க. சிலாபம், முந்தல், கற்பிட்டிப் பக்கம் தென்னந்தோட்டத்திலும் இறால் பண்ணையிலும் இராக்காவல் வேலை. சில இடங்களில் காவல்காரர் கையில் ஒரு துவக்கையும் கொடுத்துவிடுகிறார்கள். கவ்வாத்துக் கத்தி பிடித்த கைக்கு அது புதுச்சாமான். அதனால்தான் இன்றைக்கு இதைப் பேசுகிறோம்.

நம்ம தம்பி ஒருவர் களப்போரம் ஒரு பண்ணையில் காவலுக்கு நின்றார். விடியற்காலையில் துவக்கை வாடிச் சுவரில் சாத்தி வைத்தார். அது சரிந்து விழுந்து வெடித்தது. பாதத்தில் இரண்டு விரல் போய்விட்டது. மனைவியும் கைக்குழந்தையும் நாலடி தள்ளிப் படுத்திருந்தார்கள். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது அவர் சொன்னது இதுதான்: "ஐயா, தோட்டாவை ராவே எடுத்துட்டேன்னு நெனச்சேன்."

நினைத்தார், திறந்து பார்க்கவில்லை. அவ்வளவுதான் பிழை.

காவலுக்குக் கொடுப்பது பெரும்பாலும் 12 போர் துவக்கு. மேலே உள்ள லீவரைத் தள்ளினால் குழல் கீழே மடியும். தோட்டா இருக்கிறதா இல்லையா என்று கண்ணாலேயே பார்க்கலாம். இவ்வளவு லேசாகப் பார்க்கக்கூடிய துவக்கைப் பார்க்காமல் விடலாமா?

ஆகவே கையில் வாங்கியதும் வாயை நிலத்துப் பக்கம் வைத்துத் திறந்து பாருங்க. இன்னொருவருக்குக் கொடுக்கும்போதும் திறந்தபடியே கொடுங்க. காலி என்று தெரிந்தாலும் ஆள் பக்கம் நீட்ட வேண்டாம். சுடும் நேரம் வரும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும்.

தோட்டா போடுமுன் குழலுக்குள் பாருங்க. அது மணல் பூமி. மணலோ சேறோ அடைத்திருந்தால் சுடும்போது குழலே வெடிக்கும். 12 போரில் 20 போர் தோட்டாவைப் போடவே கூடாது. அது உள்ளே வழுக்கிப் போய்ச் சிக்கும். அதற்குப் பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் கை போகும். மூடும்போது குழலைத் தூக்காமல், சோங்கை, அதாவது தோளில் வைக்கும் மரக்கட்டையைத் தூக்கி மூடுங்க. அப்போது வாய் நிலத்தையே பார்த்திருக்கும்.

விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால் உடனே திறக்க வேண்டாம். ஆளில்லாத பக்கம் பிடித்தபடி ஒரு நிமிஷம் பொறுங்க. சில தோட்டா பிந்தி வெடிக்கும்.

வேலி தாண்டும்போதும், வாய்க்கால் பாயும்போதும், வாடிக்குள் நுழையுமுன்னும் தோட்டாவை எடுத்துவிடுங்க. சேப்டி போட்டிருக்கிறதே என்று நம்ப வேண்டாம். பல துவக்குகளில் அது விசையை மட்டும்தான் தடுக்கும். கீழே விழுந்த அதிர்ச்சியில் வெடிக்க இடமுண்டு. துவக்கு ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில் இருக்கட்டும். பிள்ளைகள் கண்ணில் சாவி படக் கூடாது.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி துவக்குக்கு லைசன்ஸ் வேண்டும். வருஷா வருஷம் புதுப்பிக்கவும் வேண்டும். "லைசன்ஸ் யார் பேரில இருக்கு? நான் வைச்சிருக்க அனுமதி இருக்கா?" என்று முதலாளியிடம் கேளுங்க. எழுத்தில் காட்டாவிட்டால் வாங்க வேண்டாம். டோர்ச்சும் விசிலும் போதும் என்று சொல்லுங்க. ஒரு இறாலுக்காகவோ ஒரு தேங்காய்க் குலைக்காகவோ யாரும் உயிர் விடத் தேவையில்லை.

தாய்மாரே, மகன் ஊருக்குப் போன் எடுத்தால் சாப்பிட்டியா என்று கேட்பீர்கள். அதோடு இன்னொன்றும் கேளுங்கள்: "துவக்கைத் திறந்து பார்த்தியா?"