செய்திக்கும் ஒரு தராசு வேண்டும்

(தெரணியகலையில் தோட்டத் தொழிலாளரும் சிறு தோட்ட விவசாயிகளும் அரச ஊழியரும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



சம்பளத்தைப் பற்றியும் காணியைப் பற்றியும் இத்தகைய மேடைகளிலே பலமுறை பேசியிருக்கிறோம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. நம் சட்டைப் பையிலே கிடக்கும் கைத்தொலைபேசியைப் பற்றியும், அதன் வழியே நாள்தோறும் நம் வீட்டுக்குள் நுழையும் செய்திகளைப் பற்றியும், அவற்றை நம்பி நாம் துணிந்து செய்யும் பேதைமைகளைப் பற்றியும் பேசப் போகிறோம். "இதுவும் ஓர் அரசியலா?" என்று யாரும் கேட்க வேண்டாம். மலைச்சரிவிலே குடியிருப்பவனுக்கு உயிரைக் காக்கும் செய்தி எதுவோ, அதைப் பெறுவதே முதல் அரசியல்.

கொழுந்து நிறுக்கும் இடத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். அரைக் கிலோ குறைத்து எழுதினால் நம் சகோதரிகள் வாளாவிருப்பார்களா? தராசு முள் நிற்கும் இடத்தைக் கண்ணாலே கண்டபின்தான் அடுத்த அடி எடுத்து வைப்பார்கள். றப்பர்ப் பால் விற்கும் சிறு தோட்டக்காரரைக் கேளுங்கள். பாலிலே தண்ணீர் கலந்திருந்தால் மெட்ரோலக் காட்டிக்கொடுத்துவிடும் என்பார். கொழுந்துக்குத் தராசு உண்டு. பாலுக்கு மெட்ரோலக் உண்டு. ஆனால் நம் உயிரோடும் பிள்ளைகளின் எதிர்காலத்தோடும் விளையாடும் செய்திக்கு மட்டும் ஒரு தராசும் இல்லை! வந்ததை வந்தபடியே விழுங்குகிறோம். விழுங்கியதை நூறு பேருக்கு அனுப்பியும் வைக்கிறோம்.

இணையத்திலே செய்தி என்ற பெயரில் உலவுவதன் தரம் ஏன் இவ்வாறு தாழ்ந்தது? காரணம் எளியது. பலர் அதைத் திறந்து பார்த்தால் விளம்பரப் பணம் வரும். மெய்யா பொய்யா என்று அந்தப் பணம் கேட்பதில்லை. ஆகவே அச்சமூட்டும் தலைப்பும், ஆத்திரமூட்டும் படமும், "அதிர்ச்சி" என்ற சொல்லும் சந்தைச் சரக்காகிவிட்டன. உள்ளே சென்று பார்த்தால் நாளும் இல்லை, இடமும் இல்லை, சொன்னவர் பெயரும் இல்லை. எங்கோ எப்போதோ எடுத்த வெள்ளப் படத்துக்கு இன்றைய நாளிட்டு அனுப்புகிறார்கள். நாமும் நெஞ்சு பதறிப் பார்க்கிறோம்.

இதனால் விளைந்த கேட்டுக்கு எடுத்துக்காட்டுத் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நம் கேகாலை மாவட்டத்திலேயே உண்டு. 2020 டிசம்பரிலே, கொரோனா நோய் நாடெங்கும் பரவிக் கிடந்த வேளையில், ஹெட்டிமுல்லையில் ஒருவர் காளியம்மையின் அருளால் தமக்கு மருந்து கிட்டியது என்றார். தேனும் சாதிக்காயும் சேர்ந்த பாணி அது. தொலைக்காட்சி காட்டியது, முகநூல் முழங்கியது. சுகாதார அமைச்சரே பலரறிய அதை அருந்திக் காட்டினார். பிறகு கேட்க வேண்டுமா? ஆயிரக்கணக்கானோர் அச்சிற்றூரிலே தோளோடு தோள் உரச நெருங்கி நின்றனர். கூடி நிற்பதனாலேயே பரவும் நோய்க்குக் கூடி நின்று மருந்து வாங்கிய விந்தையை உலகம் கண்டது! 2021 சனவரியில் அந்த அமைச்சருக்கும் நோய் தொற்றிற்று. மருத்துவமனைச் சிகிச்சையினால் அவர் மீண்டார் என்பது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்தக் கூட்டத்திலே நின்ற ஏழைக்கு அத்தகைய சிகிச்சை எளிதில் கிட்டுமா?

நாம் மட்டுமா ஏமாந்தோம்? அதே 2020 இல், மதுசாரம் கொரோனாவைக் கொல்லும் என்ற வதந்தியை நம்பி ஈரானிலே மெதனோல் என்னும் நஞ்சைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். படித்தவர், படியாதவர் என்ற வேறுபாடு இதிலே இல்லை. அச்சம் முந்திக்கொண்டால் அறிவு பின்தங்கிவிடும். அச்சத்தை விற்பவன் இதை நன்கு அறிவான்.

இனி நம் தலைக்கு மேலே நிற்கும் மலைக்கு வருவோம். 2016 மே 17 ஆம் நாளை இம்மாவட்டத்தார் மறக்க முடியுமா? அரநாயக்கவிலே சாமசர மலை சரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். அதே நாளில் புளத்கொஹுபிட்டியவிலே களுபஹன தோட்டத்து லயங்கள் மண்ணிலே புதைந்து நம் மக்கள் பலர் மடிந்தனர். மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்படும் போதெல்லாம் தெரணியகலையின் பெயரும் அப்பட்டியலில் இடம்பெறுவதை நீங்கள் அறிவீர்கள்.

அதற்கு முன்பே, 2014 ஒக்டோபர் 29 இல், கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டன. முதல் நாளிலே இருநூறு பேர், முந்நூறு பேர் என்று உலகெங்கும் செய்தி பறந்தது. இறுதிக் கணக்கிலே மாண்டவரும் காணாமற் போனவரும் சேர்ந்து நாற்பதுக்கும் குறைவு. ஓருயிர் போனாலும் கொடுமைதான். ஆயினும் தலைகளைக் கூட்டிச் சொல்வதிலே போட்டியிட்ட செய்திக்காரர்களில் எத்தனை பேர் கேட்க வேண்டிய கேள்வியை விடாமல் கேட்டனர்? அம்மலை ஆபத்தானது, மக்களை அகற்றுங்கள் என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்ததே! பிறகும் அவர்கள் ஏன் அங்கேயே இருந்தார்கள்?

"அறிவில்லாதவர்கள், ஆபத்தை விலைக்கு வாங்கினார்கள்" என்று நகரத்து மேதாவிகள் சிலர் சொல்வர். அதை நாம் ஒப்ப மாட்டோம். போக்கிடம் இல்லாதவனைப் "போ" என்று சொன்னால் அவன் எங்கே போவான்? சொந்தக் காணி இல்லை. லயத்தை விட்டால் வேறு கூரையில்லை. இது வறுமையும் அநீதியும் நம் தலையிலே சுமத்திய ஆபத்து. பாதுகாப்பான இடத்தில் காணியும் வீடும் பெறுவதற்கான போராட்டத்தினால்தான் இது நீங்கும். அப்போராட்டத்தை நாம் ஒருபோதும் கைவிடப் போவதில்லை.

ஆனால் தோழர்களே, நாமாகவே தேடிக்கொள்ளும் ஆபத்தும் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. பாலத்தின் மேலே வெள்ளம் பாயும்போது முச்சக்கர வண்டியை அதிலே இறக்குவது யார் சுமத்திய ஆபத்து? பெருக்கெடுத்த ஆற்றங்கரையிலே நின்று படம் பிடித்து முகநூலில் இடுவதற்கு எந்தத் துரை கட்டளையிட்டார்? இடி முழங்கும்போது உச்சி மலையிலே கைத்தொலைபேசிக்கு அலை தேடித் திரியும் இளைஞனை எந்த முதலாளி அனுப்பினான்? சேற்று வயலில் இறங்குவோரை எலிக்காய்ச்சலிலிருந்து காக்கவல்ல மாத்திரையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கொடுத்தால், "அதைக் குடித்தால் உடம்புக்கு ஆகாதாம்" என்று யாரோ அனுப்பிய குரற்பதிவை நம்பிக் கூரையிலே செருகி வைப்பது யார் குற்றம்? 2008 ஆம் ஆண்டிலே இந்நாட்டில் 7000-க்கும் மேற்பட்டோரைப் பிடித்த நோய் அது. நம் சபரகமுவை மாகாணம் அந்நோய் அடிக்கடி தலைகாட்டும் இடம்.

முதல்வகை ஆபத்தை எதிர்த்துப் போராட வேண்டிய கைகளை இரண்டாம்வகை ஆபத்து வீணே பறித்துச் செல்கிறது. நம் கவலை இதுதான். நாமே வெள்ளத்தில் வண்டியை இறக்கினால், லயத்தைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுங்கள் என்ற நம் கோரிக்கைக்கு எவர் செவிசாய்ப்பர்?

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். களனி கங்கைப் படுகையிலே நீர்ப்பாசனத் திணைக்களம் நீர்மட்டம் அளக்கும் இடங்களுள் நம் தெரணியகலையும் ஒன்று. நம் சீதாவாக்கை ஆற்றில் நீர் எவ்வளவு உயர்ந்தது என்ற கணக்கைப் பார்த்தே, கீழே கடுவலையிலும் கொலன்னாவையிலும் இருப்போருக்கு வெள்ளம் வருமா என்று கணிக்கிறார்கள். நம் ஆற்றின் கணக்கு கொழும்பைக் காக்கிறது. அதே நேரத்தில் நாம் எந்நாட்டு ஆற்றிலோ எடுத்த படத்தைப் பார்த்துக் கொண்டிருக்கிறோம்!

ஆகவே செய்திக்கு ஒரு தராசு வேண்டும். அது விலையுயர்ந்த கருவியன்று. ஒரு செய்தி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். சொன்னவர் யார்? எந்த நாளில்? எந்த இடத்தைப் பற்றி? மூன்றில் ஒன்றுக்கு விடையில்லை என்றாலும் அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். எச்சரிக்கைச் செய்தியாயின் 117 என்ற எண்ணிலே அனர்த்த முகாமைத்துவ நிலையத்தைக் கேளுங்கள். கிராம உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

மழைக்கும் ஒரு தராசு நம் வாசலிலேயே உண்டு. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள தகரக் குவளை ஒன்றைத் திறந்தவெளியில் வையுங்கள். அதில் தேங்கும் நீரின் உயரமே பெய்த மழையின் அளவு. 24 மணி நேரத்திலே 75 மில்லிமீற்றர், அதாவது மூன்றங்குலம், தேங்கினால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 மில்லிமீற்றர், நான்கங்குலம், ஆனால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றர், ஆறங்குலம், ஆகிவிட்டாலோ, ஒரு மணி நேரத்துக்குள்ளேயே 75 மில்லிமீற்றர் பெய்துவிட்டாலோ, சரிவை விட்டு வெளியேறிவிட வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கூறும் கணக்கு இது. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று அது அறிவிக்கும் மூன்று நிறங்களின் பொருளும் முறையே விழித்திரு, ஆயத்தமாகு, வெளியேறு என்பதேயாகும். நிலத்திலே புதிதாக வெடிப்புக் கண்டாலும், மரமும் கம்பமும் சாய்ந்தாலும், ஊற்றுநீர் திடீரெனக் கலங்கினாலும் எந்த அறிவிப்புக்கும் காத்திராதீர்கள். மலையே அறிவித்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

இவ்வளவும் நம் கடமை. அரசின் கடமையையும் தோட்ட நிருவாகத்தின் கடமையையும் சொல்லாது விடுவோமா? 1987 இலே 13 ஆவது திருத்தத்தினால் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியாயிற்று. எனினும் 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த வேளையிலும், எச்சரிக்கைகள் உரிய நேரத்தில் தமிழில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. மெய்ச்செய்தி தாமதித்தால் பொய்ச்செய்தி அந்த இடத்திலே குந்திக்கொள்ளும். மக்கள் வதந்தியை நம்புகிறார்கள் என்று குறைகூறும் அதிகாரிகள் இதை முதலில் உணர வேண்டும்.

ஆதலால் நாம் கேட்பவை நான்கு. மண்சரிவு எச்சரிக்கை ஒவ்வொன்றும் சிங்களத்தில் வெளிவரும் அதே வேளையில் தமிழிலும் வர வேண்டும். தோட்ட அலுவலகத்து மழைமானியின் கணக்கு புத்தகத்திலே உறங்காமல், நாள்தோறும் பிரட்டுக்களத்துப் பலகையிலே எழுதப்பட வேண்டும். சிவப்பு எச்சரிக்கை நாளிலே வேலைக்கு வராதவரின் பெயர் வெட்டப்படலாகாது. வெளியேறும் குடும்பங்களுக்கு ஒதுங்க இடமும் உணவும் முன்கூட்டியே ஆயத்தமாயிருக்க வேண்டும்.

இங்கே வந்திருக்கும் ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு மும்மொழி தெரியும். மழைநாளிலே உத்தியோகபூர்வ அறிவிப்பை வாசித்து, பொருள் சொல்லி, லயத்துக்கு ஒருவரிடமேனும் சேர்த்துவிடுங்கள். இளைஞர்களே, உங்கள் கையிலுள்ள கருவியைக் குறைகூறவில்லை. அது நல்ல கருவி. வேடிக்கை காட்ட உதவும் அது, நடுநிசியிலே அயல் லயத்தாரை எழுப்பவும் உதவும்.

இன்றிரவும் மலையிலே மழை பெய்யும். வீடு சேர்ந்ததும் வாசலிலே ஒரு குவளையை வையுங்கள். காலையிலே கைத்தொலைபேசியைப் பார்க்குமுன் அதைப் பாருங்கள்.