சுவருக்குள் பார்க்கும் கண்

(பட்டிமன்றத் தலைப்பு: மக்களைக் காப்பது சட்டமா? அதை நிறைவேற்றும் மனிதரா? 'மனிதரே' என்ற அணியில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசிய நண்பர், "சட்டம் சரியாக இருந்தால் போதும், ஆள் யாராக இருந்தால் என்ன? அமெரிக்காவைப் பாருங்கள்!" என்று கையை நீட்டினார். அவர் நீட்டிய பக்கமே போகலாம், வாங்க. அங்கே உள்ளாட்சிகளில் ஓர் உத்தியோகம் இருக்கிறது. வீட்டு ஹீட்டரையும் ஏ.சி.யையும் சோதிக்கிற இன்ஸ்பெக்டர்!

சிரிக்காதீங்க. எங்கள் வீட்டிலும் ஓர் ஏ.சி. இன்ஸ்பெக்டர் உண்டு. என் துணைவியார்தான். இருபத்தாறுக்குக் கீழே ரிமோட்டை அழுத்தினால் உடனே நோட்டீஸ். மீறினால் மறுநாள் காபி ரத்து! (சிரிப்பு, கைதட்டல்)

நமக்கு மார்கழிப் பனிக்கே மஃப்ளர் வேண்டும். நியூயார்க்கிலோ தை மாதம் வாளித் தண்ணீரை வெளியே வைத்தால் கல்லாய் உறைந்துபோகும். அங்கே பழைய அடுக்குமாடிகள் பலவற்றில் சூடு என்பது குடியிருப்பவர் கையில் இல்லை. அடித்தளத்தில் ஒரு பாய்லர். அதன் நீராவிதான் குழாய் வழியே வீடு வீடாக ஏறும். பாய்லர் கட்டடச் சொந்தக்காரர் பொறுப்பில்.

சட்டம் என்ன சொல்கிறது? அக்டோபர் 1 முதல் மே 31 வரை, வெளியே சுமார் 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால், காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை வீட்டுக்குள் 20 டிகிரியாவது இருக்க வேண்டும். இரவில், வெளியே எப்படி இருந்தாலும், உள்ளே ஏறத்தாழ 17 டிகிரி இருக்க வேண்டும்.

நல்ல சட்டம்தான்! ஆனால் ஐயா, சட்டம் என்ன கம்பளியா, எடுத்துப் போர்த்திக்கொள்ள? குழந்தை நடுங்குகிறது. தாய் 311 என்ற எண்ணுக்குப் போன் செய்கிறாள். நகர அலுவலகம் சொந்தக்காரருக்குத் தகவல் சொல்கிறது. அப்படியும் சூடு வராவிட்டால் இன்ஸ்பெக்டர் வருகிறார். வெப்பமானியை எடுத்து அறையை அளக்கிறார். குறைந்திருந்தால் உடனடி ஆபத்து என்று குற்றம் பதிவாகிறது. அதற்கும் அசையவில்லையா? நகரமே ஆள் அனுப்பிப் பழுது பார்த்துவிட்டு, பில்லைச் சொந்தக்காரருக்கு அனுப்பலாம். இத்தனையும் எப்போது? ஒரு மனிதர் படியேறி வந்து கதவைத் தட்டினால்தானே! (கைதட்டல்)

புது வீடு கட்டும்போது இன்னொரு இன்ஸ்பெக்டர் வருவார். எரிவாயு ஹீட்டரின் புகைக்குழாய், சாதாரணமாக அடிக்குக் கால் அங்குலமாவது மேல்நோக்கி ஏற வேண்டும் என்பது அங்கே விதி. "கால் அங்குலத்துக்கா இந்தப் பாடு?" என்று கேட்பீர்கள். புகை வெளியேறாமல் திரும்பினால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் தங்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவர்கள் எழுந்திருக்காமலே போகலாம். அதனால்தான் சுவருக்குள் போகிற குழாய்களை, சுவர் மூடுவதற்கு முன்பே வந்து பார்க்கிறார்கள். மூடிய பிறகு வந்தால் பெயின்ட் நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்! (சிரிப்பு)

இனி நான் சொல்லப்போவது சிரிப்பதற்கு இல்லை. 2022 ஜனவரி 9. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 19 மாடிக் கட்டடம். ஒரு வீட்டில் குளிருக்காக வைத்திருந்த மின்சார ஹீட்டரில் தீப்பிடித்தது. தீ அதிகம் பரவவில்லை, புகை பரவியது. 17 பேர் இறந்தார்கள். அதில் 8 பேர் குழந்தைகள். வீட்டுக் கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும் என்று அந்த நகரத்தில் 2018-லேயே சட்டம் இருந்தது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. கதவு திறந்தே இருந்தது. ஒவ்வொரு கதவும் மூடுகிறதா என்று தள்ளிப் பார்க்க ஒரு கை வேண்டாமா, நடுவர் அவர்களே?

அதே 2022, மே மாதம், சிகாகோ. செப்டம்பர் 15 முதல் ஜூன் 1 வரை வீட்டுக்குள் இவ்வளவு சூடாவது இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். மே மாதத்திலேயே வெயில் கொளுத்தியது. முதியோர் வாழும் ஓர் அடுக்குமாடியில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. புழுங்குகிறது என்று முறையிட்டார்கள். நிர்வாகமோ ஜூன் வரை அணைக்கக் கூடாது என்று சட்டத்தைப் புரிந்துகொண்டது. சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை என்று நகராட்சி பிறகு விளக்கியது. அதற்குள் மூன்று வயதான பெண்கள் வெப்பத்தில் இறந்துபோனார்கள். குளிரிலிருந்து காக்க வந்த சட்டம், வெயிலில் எமனுக்கு வாசல் திறந்துவிட்டது!

"அடுத்த மாதமே குளிரூட்டலுக்கும் சட்டம் கொண்டுவந்தார்களே" என்று எதிரணி சொல்லும். ஆமாம், கொண்டுவந்தார்கள். மூன்று உயிர் போன பிறகு! முறையிட்ட அன்றே ஒருவர் அந்த அறைக்குள் போய் நின்றிருந்தால், புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. அவர் நெற்றி வேர்வையே தீர்ப்புச் சொல்லியிருக்கும்.

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கதவைத் தட்டும் உரிமையை இன்ஸ்பெக்டருக்குக் கொடுப்பது சட்டம்தான். ஆனால் தட்டுவது யார்? அவர் காரில் உட்கார்ந்தபடியே எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், எவ்வளவு தடித்த சட்டப் புத்தகமும் என்ன செய்யும்? அவர் சரியாகப் பார்த்தாரா என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. பார்த்ததால் பிழைத்த குடும்பத்துக்கு, தாங்கள் பிழைத்ததே தெரியாது. மாலை போட ஆளில்லை; மேடை கிடையாது. காலையில் அந்த வீட்டுக் குழந்தைகள் எழுந்து பள்ளிக்கூடம் போகிறார்களே, அதுதான் அவருக்குக் கிடைக்கிற பாராட்டு. (பலத்த கைதட்டல்)

ஏட்டில் எழுதிய எழுத்துக்குக் குளிரும் தெரியாது, வெயிலும் தெரியாது. மனிதத் தோலுக்குத்தான் தெரியும். ஆகவே, மக்களைக் காப்பது சட்டத்தை நிறைவேற்றும் மனிதரே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.