படிக்கட்டை விட்டுவையுங்கள்

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் படிக்கட்டைப் பாருங்கள்: செருப்பு அலமாரி, பழைய சைக்கிள், காலித் தண்ணீர் கேன், பூந்தொட்டி. லிஃப்ட் இருக்கிறதே, படியில் யார் ஏறப்போகிறார்கள் என்று நினைக்கிறோம். ஆனால் தீப்பிடித்தால் லிஃப்ட்டில் ஏறக்கூடாது. மின்சாரம் நின்றால் நடுவில் மாட்டிக்கொள்வோம். மிச்சமிருப்பது படிக்கட்டுதான்.

2022 செப்டம்பரில் செகந்திராபாத்தில் ஒரு கட்டடம். கீழே மின்சார ஸ்கூட்டர் கடை, மேலே விடுதி. கீழே பற்றிய தீயின் புகை படிக்கட்டு வழியாக மேலேறியது. 8 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மூச்சுத்திணறித்தான் போனார்கள்.

அதனால்தான், படிக்கு அடியில் ஸ்கூட்டரை நிறுத்தி இரவெல்லாம் சார்ஜ் போடுவதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. லித்தியம் பேட்டரித் தீ எளிதில் அணையாது, நச்சுப்புகையும் கக்கும். பல கட்டடங்களில் மின்மீட்டர் பெட்டிகளும் அங்கேதான். பக்கத்திலேயே பழைய பேப்பர் கட்டு வேறு!

இருட்டில், இடுப்பில் குழந்தையோடு, சுவரைத் தடவி இறங்குகிற தாய்க்கு ஒரு பூந்தொட்டி போதும், தடுக்கி விழ.

பக்கத்து வீட்டாரிடம் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கும். முதலில் நம் வீட்டு அலமாரியை உள்ளே எடுத்துவைத்துவிட்டு, பிறகு போய்க் கேளுங்கள். அடுத்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஸ்கூட்டர் சார்ஜ் போட வெளியே ஓர் இடம் ஒதுக்கச் சொல்லுங்கள்.