நடைபாதையும் துவிச்சக்கர வண்டியும்

லொறிகளும் பஸ் வண்டிகளும் இடைவிடாது விரையும் வீதியிலே துவிச்சக்கர வண்டியோட்டிச் செல்பவனுக்குக் காப்பென்று சொல்ல எதுவும் இல்லை. அவனுடைய முழங்கையை உரசுமாப்போலப் பல தொன் நிறையுள்ள இரும்பு உருண்டோடுகின்றது. பக்கத்திலே, ஓரடி உயரமும் இல்லாத கல்வரம்புக்கு அப்பால், நடைபாதை கிடக்கின்றது. அதன்மேல் ஏறிவிட்டால் உயிர் தப்பலாம் என்று அவன் எண்ணுவது இயல்பே. ஆயின், அவ்வாறு ஏறுவது முறையாகுமா? இவ்வினாவுக்கு அரை நூற்றாண்டுக்கு மேலாக விடை தேடிவரும் நாடு யப்பான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் யப்பானில் மோட்டார் வண்டிகள் வெகுவிரைவாகப் பெருகின. வீதிகளோ அவ்வேகத்தில் அகலவில்லை. 1970 ஆம் ஆண்டில் மாத்திரம் வீதி விபத்துகளில் 16,765 பேர் மாண்டனர். அந்நாட்டில் அதற்கு முன்னரோ பின்னரோ எந்த ஆண்டிலும் அத்தொகை எட்டப்படவில்லை. அந்நிலையைப் 'போக்குவரத்துப் போர்' என்றே யப்பானியர் குறிப்பிட்டனர். துவிச்சக்கர வண்டி சட்டப்படி ஒரு வாகனம். வீதியின் இடப்புற ஓரமே அதற்குரிய இடம். எனினும், அவ்வாண்டிலே சட்டம் திருத்தப்பட்டு, அனுமதிப் பலகை நாட்டிய நடைபாதைகளில் அது செல்லலாம் என்று விதிக்கப்பட்டது.

அத்திருத்தத்தின் நோக்கத்தை எவரும் பழிக்க முடியாது. ஒரு பிள்ளையை முன்னும் மற்றொரு பிள்ளையைப் பின்னும் இருத்தி, கடைக்கும் பாலர் பாடசாலைக்கும் சென்றுவரும் தாய்மாரை யப்பானிய நகரங்களில் எங்கும் காணலாம். அவர்களை லொறிகளுக்கு இடையே செல்லும்படி கட்டளையிடுவது அறமன்று. 2008 ஆம் ஆண்டின் திருத்தம் இக்கருத்தை மேலும் தெளிவாக்கிற்று. 13 வயது நிரம்பாத சிறுவரும், 70 வயதை எட்டிய முதியோரும், உடற்குறையுடையோரும் நடைபாதையில் ஓட்டலாம். ஏனையோர் வீதியின் நிலை காரணமாக வேறு வழியில்லாதபோது ஓட்டலாம். யாராயினும் வீதியை அடுத்த பக்கமாக மெதுவாகச் செல்லல் வேண்டும். நடப்போருக்கு இடையூறு நேருமாயின் வண்டியை நிறுத்துதல் வேண்டும்.

இனி, நடப்போரின் பக்கத்தையும் நோக்குதல் தகும். 1967 ஆம் ஆண்டிலே ஒக்காயாமா நகரில், மியாக்கே செயிச்சி என்பவர் உருவாக்கிய புடைப்புக் கற்கள் முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. கண்பார்வையற்றோர் பாதத்தாலும் கைத்தடியாலும் தடவியறிந்து தனியே நடப்பதற்காக அமைந்த கற்கள் அவை. இன்று உலகின் பல நாடுகளில் அவற்றைக் காணலாம். அக்கல்வரிசையை நம்பி நடக்கும் ஒருவருக்கு ஓசையின்றி வரும் துவிச்சக்கர வண்டி எவ்வாறு புலப்படும்? நடப்பவர் ஒரு விநாடியில் ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் செல்வார். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் வருபவரோ அதே விநாடியில் நான்கு மீற்றரைக் கடந்துவிடுவார். வீதியிலே மோட்டார் வண்டிக்கு அஞ்சியவர், நடைபாதையில் ஏறியதும் பிறர் அஞ்சும் பொருளாகின்றார். அபாயம் அழியவில்லை; வலியோரிடமிருந்து மெலியோரிடம் இடம்பெயர்ந்ததே உண்மை.

ஏறியவருக்கேனும் முழுப் பாதுகாப்புக் கிடைத்ததா எனில், அதுவும் இல்லை. வளவு வாயிலிலிருந்து வெளிவரும் மோட்டார்ச் சாரதி வீதியையே நோக்குகின்றார். நடைபாதையில் ஒருவர் வந்தாலும் நடைவேகத்திலேயே வருவார் என்பது அவர் எண்ணம். மதில் மறைவிலிருந்து விரைந்து வரும் துவிச்சக்கர வண்டியை அவர் காணும்போது காலம் கடந்துவிடுகின்றது. சந்திகளிலும் நிலைமை இதுவே.

இவற்றினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. நடைபாதையில் இடம் கிடைத்தபடியால், துவிச்சக்கர வண்டிகளுக்கெனத் தனிவழி அமைக்கவேண்டும் என்ற நெருக்குதல் யப்பானில் தளர்ந்தது. இடைக்கால ஏற்பாடு நிலையான வழக்கமாயிற்று. அதே காலத்தில் ஒல்லாந்து நாட்டிலும் வீதிகளில் பிள்ளைகள் மாண்டனர். 1970களின் தொடக்கத்திலே அங்குள்ள பெற்றோர் 'சிறுவர் கொலையை நிறுத்துங்கள்' என்ற பெயரால் இயக்கம் நடத்தினர். மோட்டார் வண்டிகளின் வேகத்தைக் குறைக்கவும், துவிச்சக்கர வண்டிகளுக்குத் தனிப்பாதை இடவும் அந்நாட்டு அரசாங்கம் படிப்படியாக முன்வந்தது. அங்கே நடைபாதை நடப்போருக்கே உரியதாக நின்றது.

யப்பானும் தன் வழியைத் திருத்தி வருகின்றது. துவிச்சக்கர வண்டிக்கு வீதியே உரிய இடம் என்பதை 2011 ஆம் ஆண்டில் பொலிஸ் தலைமையகம் வலியுறுத்திற்று. மறு ஆண்டிலே தனிவழிகள் அமைப்பதற்கான நெறிமுறைகள் வெளியாயின. 16 வயதை எட்டியோர் விதிகளை மீறினால் உடனடித் தண்டப்பணம் விதிக்கும் முறை, 2026 ஏப்பிரல் முதல் நடைமுறைப்படுத்துவதற்கென 2024 ஆம் ஆண்டில் சட்டமாயிற்று. ஆயினும், அரை நூற்றாண்டுப் பழக்கத்தைத் தண்டத்தால் மாத்திரம் மாற்றுதல் எளிதன்று.

ஜேர்மனி வேறொரு வரம்பை வகுத்துள்ளது. அங்கே 8 வயது நிரம்பாத பிள்ளை, தனிப்பாதை இல்லாதவிடத்து, நடைபாதையிலேயே ஓட்டவேண்டும். 10 வயது நிரம்பும்வரை விரும்பினால் ஓட்டலாம். இங்கிலாந்திலோ நடைபாதையில் வாகனம் செலுத்துவதை 1835 ஆம் ஆண்டின் சட்டமே தடுக்கின்றது. இருந்தும், 1999 ஆம் ஆண்டில் உடனடித் தண்டம் அறிமுகமானபோது, போக்குவரத்துக்கு அஞ்சி நடைபாதையில் ஏறிப் பிறருக்கு மதிப்பளித்துச் செல்வோர் அதன் இலக்கல்லர் என்று உள்துறை அமைச்சர் ஒருவர் அறிவுறுத்தினார். சட்டம் கண்டிப்பாயினும் அச்சத்தைக் குற்றமென்று கொள்ளலாகாது என்பதே அதன் கருத்து.

ஆகவே, பிள்ளைகளும் முதியோரும் நடைபாதையில் மெதுவாகச் செல்வதைப் பொறுத்தல் தகும். வலுவுள்ளோர் வழியின்றி ஏறினால், ஆள் நெருக்கம் கண்டவிடத்து இறங்கி உருட்டிச் செல்லக் கடமைப்பட்டவர்கள். வழிவிடுமாறு மணியடித்து நடப்போரை விலக்க அவர்களுக்கு உரிமையில்லை. நகராட்சியினருக்கும் ஒரு கடமை உண்டு. நடைபாதையில் ஏறும் ஒவ்வொரு துவிச்சக்கர வண்டியும் அவ்வீதியின் மீது எழுதப்பட்ட ஒரு முறைப்பாடு. முறைப்பாடு செய்தவரைத் தண்டித்துவிட்டு வீதியை அப்படியே விட்டுவிடும் நகரத்தில், அடுத்த நாளும் ஒருவர் அக்கல்வரம்பில் ஏறத்தான் செய்வார்.