மறைந்த பாதைகளும் மீளும் வண்டிகளும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



கவிதையை நேசிப்போர் கூடியுள்ள அவையில் கணினி விளையாட்டைப் பற்றிய பேச்சு எதற்கு என்னும் வினா எழுதல் இயல்பே. மறைந்துபோன ஒன்றைச் சொல்லால் மீட்பது கவிஞரின் பணி. மறைந்துபோன இருப்புப்பாதைகளைத் திரையில் மீட்கும் பணி ஒன்று இன்று உலகில் நடைபெற்று வருகிறது. இவ்விரண்டுக்கும் மூலப்பொருள் ஒன்றே, அது நுண்விவரம். அவ்விவரம் புதுக்கோட்டைச் சீமையில் யாரிடம் எஞ்சியிருக்கிறது, இன்னும் எத்தனை நாள் எஞ்சியிருக்கும் என்பதே இவ்வுரையின் கவலை.

முதலில் பிரிட்டன். 1963-இல் வெளிவந்த பீச்சிங் அறிக்கை, அந்நாட்டில் ஏறத்தாழ 5,000 மைல் பாதைகளையும் 2,363 நிலையங்களையும் மூடலாம் என்றது. பாத் நகரில் புறப்பட்டு, மெண்டிப் குன்றுகளில் ஏறியிறங்கித் தென்கடற்கரையின் போர்ன்மத் நகரை அடைந்த சோமர்செட்–டார்செட் பாதை 1966 மார்ச் 7-ஆம் நாள் மூடப்பட்டது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. நாற்பத்தோராண்டுகள் கழித்து, 2007-இல் வெளியான ‘ரெயில் சிமுலேட்டர்’ என்னும் விளையாட்டில் அப்பாதையின் பாத்–டெம்பிள்கோம் பகுதி மீண்டும் உயிர்பெற்றது. அதற்கு முன்பே, 2001-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ‘டிரெயின் சிமுலேட்டர்’ விளையாட்டில் செட்டில்–கார்லைல் மலைப்பாதையும், 1923-இல் டான்காஸ்டரில் உருவான ‘ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்’ நீராவி எஞ்சினும் இடம்பெற்றிருந்தன.

இவற்றை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிட இயலாது. விளையாடுபவர் எஞ்சின் ஓட்டுநரின் இடத்தில் அமர்கிறார். கொதிகலனில் நீர்மட்டம் தாழாமல் காக்க வேண்டும். ஏற்றம் வருமுன் நெருப்பை வளர்த்து நீராவியின் அழுத்தத்தைச் சேர்த்துவைக்க வேண்டும். பாதையின் சரிவு எந்த மைலில் தொடங்குகிறது, எந்த வளைவில் வேகத்தைக் குறைக்க வேண்டும், எந்தக் கைகாட்டி எப்போது கண்ணில் படும் என்பவை அறியாதார் வண்டியை நேரத்தில் கொண்டு சேர்த்தல் அரிது. பாதை பெயர்க்கப்பட்ட பின் பிறந்த இளைஞர் ஒருவர் அப்பாதையின் ஏற்ற இறக்கங்களை மனப்பாடமாகச் சொல்லும் விந்தை இவ்வாறு நிகழ்கிறது.

இது எவ்வாறு கைகூடிற்று? கணினி வல்லாரின் திறமை பாதிக் காரணமே. மறுபாதி, அந்நாட்டாரின் குறித்துவைக்கும் பழக்கம். பாதைச் சரிவின் வரைபடங்கள், எஞ்சின்களின் பொறியியல் வரைபடங்கள், பணியாளருக்கான கால அட்டவணைகள், ஆர்வலர் எடுத்த புகைப்படங்கள், ஓய்வுபெற்ற ஓட்டுநர்களின் நினைவுக் குறிப்புகள் யாவும் பேணப்பட்டிருந்தன. கவிஞர்களும் இதில் பங்கு கொண்டனர். இலண்டனிலிருந்து ஸ்காட்லாந்து சென்ற அஞ்சல் வண்டியைப் பற்றி 1936-இல் எடுக்கப்பட்ட ‘நைட் மெயில்’ என்னும் ஆவணப்படத்துக்கு டபிள்யூ. எச். ஆடன் என்னும் பெருங்கவிஞர் கவிதை எழுதித் தந்தார்.

இனி, இம்மண்ணுக்கு வருதல் தகும். 1875-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கு அமைந்த பாதை திண்டுக்கல் வழியே சென்றது. புதுக்கோட்டை சமஸ்தானம் பல்லாண்டுகள் புகைவண்டியின்றி இருந்தது. தென்னிந்திய இரயில்வே திருச்சிராப்பள்ளி–புதுக்கோட்டைப் பாதையை 1929-இலும், அதனை மானாமதுரை வரை நீட்டி 1930-இலும் திறந்தது. கீரனூர், நார்த்தாமலை, வெள்ளனூர், நமணசமுத்திரம், திருமயம் ஆகிய ஊர்ப்பெயர்கள் கால அட்டவணையில் ஏறின. இராமேசுவரம் செல்வோருக்கு மதுரைச் சுற்று குறைந்தது. மாவட்டத்தின் மற்றொரு பாதையான அறந்தாங்கிப் பாதை இதற்கும் மூத்தது. தஞ்சை மாவட்டக் கழகத்தின் இரயில்வேயாக வளர்ந்து 1903-இல் அறந்தாங்கியைத் தொட்டது, 1952-இல் காரைக்குடியுடன் இணைந்தது.

இவை யாவும் ஒரு மீட்டர் அகலப் பாதைகள். விடுதலைக்குப் பின் தென்னக மீட்டர் பாதைகளில் ஒய்.பி. வகைப் பயணி எஞ்சின்களும் ஒய்.ஜி. வகைச் சரக்கு எஞ்சின்களும் ஓடின. ஒற்றைப் பாதையில் நிலைய அதிகாரி தரும் டோக்கன் கைக்கு வாராமல் வண்டி அடுத்த நிலையம் நோக்கிப் புறப்படலாகாது. இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் புதுக்கோட்டைப் பாதை அகலப்பாதையாயிற்று. அறந்தாங்கிப் பாதையில் 2018, 2019 ஆண்டுகளில் அகலப்பாதை வண்டிகள் வந்தன. இம்மாற்றம் மக்களுக்கு நன்மையே. மாறாமல் நின்றிருக்க வேண்டும் என எவரும் வாதிடார். ஆனால் பழைய பாதையோடு அதன் விவரங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன என்பதே வருத்தம்.

கருவி இல்லை என்று கூறவும் இயலாது. சென்னையிலுள்ள ஹைபுரோ இன்டராக்டிவ் நிறுவனம் 2016-இல் ‘இந்தியன் டிரெயின் சிமுலேட்டர்’ என்னும் கைப்பேசி விளையாட்டை வெளியிட்டது. ஊதியம் கருதாமல் இந்திய எஞ்சின்களையும் பாதைகளையும் கணினியில் வடிக்கும் இளைஞர்களும் உளர். நாளை அவருள் ஒருவர் நார்த்தாமலை நிலையத்தின் பழைய தோற்றத்தை வடிக்க விரும்பிக் கேட்டால், கைகாட்டி எப்பக்கம் நின்றது, தண்ணீர்த் தொட்டி இருந்ததா, நடைமேடையில் என்ன மரம் நிழல் தந்தது என்று சொல்லத்தக்கவர் யார்?

இங்கே விளையாட்டின் குறையையும் கூறியாக வேண்டும். திரையில் மீண்ட அந்தப் பிரிட்டிஷ் நிலையங்கள் பெரும்பாலும் ஆளரவம் குன்றியவை. எஞ்சினின் ஒவ்வோர் ஆணியும் சரியாக இருக்கும். நடைமேடையில் நிற்போர் பொம்மைகளாக இருப்பர். வெயிலில் தண்டவாளம் தூக்கிய கேங்மேனும், கரி அள்ளிப் போட்டே தோள் தேய்ந்த ஃபயர்மேனும், சந்தைக் கூடையோடு ஏறிய மூதாட்டியும் கணினிக்கு எட்டாதவர்கள். அவர்கள் கவிதைக்கும் கதைக்கும் உரியவர்கள். ஆயினும் தமிழ்க் கவிதையில் புகைவண்டி பெரும்பாலும் பிரிவின் குறியீடாகவே கூவிச் செல்கிறது. எந்த வண்டி, எந்த நிலையம், எந்த மணி என்பது தெரிவதில்லை. முல்லைக்கும் பாலைக்கும் பூவும் பறவையும் பொழுதும் பிரித்துச் சொன்ன மரபுக்கு இது பொருந்துவதன்று.

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டம் அடுத்த பத்தாண்டுக்கு ஒரு பணியை மேற்கொள்ளலாம். மாவட்டத்தில் வாழும் முதிய இரயில்வே ஊழியர்களைத் தேடிச் சென்று, அவர்தம் பேச்சை அவர்தம் சொல்லிலேயே எழுதிவைக்கலாம். கைகாட்டி, கலாசி, கொத்தனார் வைத்த மைல்கல், இரவு விளக்கின் நிறம் என எதுவும் சிறிதன்று. நீராவி எஞ்சினில் பணிபுரிந்தோர் முதுமை எய்தியவர்கள், காலம் குறைவு. அவ்வேடு, பாதை வடிக்கும் இளைஞருக்கு வரைபடமாகும், கவிஞருக்குக் கருப்பொருளாகும்.