சிறை மீண்டோரும் நமது கடமையும்
(ஏற்காட்டில் கூடிய சங்கத்தாரிடை நிகழ்த்திய சொற்பொழிவு)

 

சேலத்தினின்று இம்மலைக்கு ஏறிவரும் நாம் அஸ்தம்பட்டியில் மத்தியச் சிறையைக் கடந்தே வருகின்றோம். அங்கே தண்டனை தீர்ந்து மீள்வோனுக்கு ஊரார் விதிக்குந் தண்டனை என்று தீரும்?

பிறப்பையே குற்றமாக்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ல் தோன்றி, 1911-ல் சென்னை இராஜதானிக்கும் வந்து, இங்கு 1947-லும் தேசமுழுதும் 1952-லும் ஒழிந்தது. சட்டம் மாண்டும் அது இட்ட வடு எளிதில் ஆறிற்றில்லை. வகுப்பின்மேற் சுமத்திய அப்பழியைக் கண்டிக்கும் நாம், தண்டனை தீர்ந்த ஒருவன்மேல் ஆயுளளவும் பழி சுமத்துதல் தகுமோ?

சிறையில் நெசவும் தையலும் பயின்றவனைத் தெருவில் நிறுத்துதல் அறமன்று. காப்பித் தோட்டமுடைய நம்மவர், பழம் பறிக்குங் காலத்து அவனை அழைத்து, ஏனையோர்க்குரிய கூலியையே குறையாது தருக. கூலி மட்டும் அமையாது. சுனை தூர்வாருதல், பாதை செப்பனிடுதல், சேர்வராயன் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் நடத்துதல் முதலிய பொதுவேலைகளில் அவனையும் நம்மோடு நிறுத்துவோமாக. பலர் காண உழைத்தாலன்றி இழந்த நற்பெயர் மீளாது. அவன் மனைவி மக்களும் தலைநிமிரார்.

ஆதலின், விடுதலை நாளன்று சிறைவாயிலில் அவனை எதிர்கொண்டு அழைத்துவர, இவ்வாண்டே சங்கத்தில் ஒரு சிறு குழுவை அமைப்போமாக.