பெயர் இருக்கிறது, பிள்ளை எங்கே?



இந்த ஆசனத்தில் எனக்கு முன் அமர்ந்தவர்களின் பெயர்களை அழைப்பிதழின் பின்புறத்தில் வரிசையாக அச்சிட்டிருக்கிறார்கள். அவ்வரிசையின் இறுதியில் என் பெயரைக் கண்டபோது எனக்கு மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே உண்டாயின. இன்று உங்கள் முன் நிற்கையில் அச்சமே மிகுந்து நிற்கிறது. தலைமையுரை என்பது துறையின் அண்மைக்கால வளர்ச்சியைத் தொகுத்துரைத்து, எவர் மனத்தையும் புண்படுத்தாமல், குறித்த நேரத்துக்குள் முடிய வேண்டியது என்று மாநாட்டுச் செயலாளர் அன்போடு நினைவூட்டியிருக்கிறார். இம்மூன்றனுள் ஒன்றையேனும் நிறைவேற்ற முயல்வேன்.

'பள்ளி வருகையைப் பெருக்குதலும் நெடுநாள் வாராமையைக் குறைத்தலும்' என்பது நமக்கு வகுக்கப்பட்ட பொருள். இதன் பொது வரலாற்றை இந்த அவைக்கு நான் எடுத்துரைப்பது மிகை. 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்ததும், 1956-இல் காமராசர் ஆட்சியில் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று மதிய உணவுத் திட்டத்தை ஊரார் உதவியோடு பரப்பியதும், 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவாக விரித்ததும், 2022-இல் காலை உணவு சேர்ந்ததும் நீங்கள் அனைவரும் அறிந்தவை. பசி பள்ளிக்குப் பகை என்பதில் இந்த அவையில் இருவேறு அபிப்பிராயம் இல்லை. ஆகவே அதனை இவ்வளவில் நிறுத்தி, நெடுநாளாக என் மனத்தை உறுத்திவரும் ஒரு விவகாரத்துக்கு வருகிறேன்.

நம் துறையார் பெயரை எண்ணுகிறார்கள், பிள்ளையை எண்ணுவதில்லை. இந்தப் பழக்கம் நேற்று வந்ததன்று. 1822-இல் சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்த ஸர் தாமஸ் மன்ரோ, மாவட்டக் கலெக்டர்கள் அனைவரிடமும் பள்ளிக் கணக்குக் கேட்டார். வந்த கணக்குகளைக் கூட்டி, 12,498 பள்ளிகள், 1,88,650 மாணாக்கர் என்று 1826 மார்ச்சு மாதத்துக் குறிப்பில் பதிந்தார். நூறாண்டு கழிந்து, 1931 அக்டோபரில் லண்டனில் பேசிய காந்தியடிகள், ஆங்கில ஆட்சிக்கு முன்னிருந்த கல்வி என்னும் அழகிய மரம் பட்டுப்போயிற்று என்று கூற, ஸர் பிலிப் ஹார்டாக் ஆதாரம் எங்கே என்று விடாமல் கடிதம் எழுதினார். 1983-இல் ஆய்வாளர் தரம்பால் கலெக்டர்களின் அறிக்கைகளை மூலத்தோடு அச்சிட்டு காந்தியடிகள் பக்கம் வலுச் சேர்த்தார். அன்று தொட்டு இன்றுவரை நம் மாநாடுகளில் ஒரு சாரார் அந்த எண்ணிக்கை பெரிது என்றும், மறு சாரார் சிறிது என்றும் வாதாடி வருகின்றனர். இரு சாராரிலும் என் மதிப்புக்குரிய நண்பர்கள் உளர். இரு சாராரையும் நான் பணிவோடு கேட்க விரும்புவது ஒன்றே: அந்த 1,88,650 பேரில் ஒரு சாதாரண நாளில் பள்ளித் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் எத்தனை பேர்?

இவ்வினாவை எழுப்பத் தகுதி படைத்தவர் ஹார்டாக் ஒருவரே. ஏனெனில் 1929-இல் அவர் தலைமையில் வெளிவந்த குழு அறிக்கைதான், முதல் வகுப்பில் சேர்ந்த சிறுவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர்கூட மூன்றாண்டு கழித்து நான்காம் வகுப்பை எட்டவில்லை என்று காட்டி, விரயம், தேக்கம் என்னும் இரண்டு கருத்துகளை நம் துறையில் நிலைநாட்டியது. பெயர் சேர்வது வேறு, பிள்ளை நிலைப்பது வேறு என்று நாட்டுக்கு உணர்த்திய அப்பெரியவர், காந்தியடிகளோடு வாதிடப் புகுந்ததும் தாமும் பெயர்க் கணக்கையே கையில் எடுத்தார் என்பது வாதத்தின் மோகம் அறிஞரையும் எங்கே கொண்டு செலுத்தும் என்பதற்கு ஓர் உதாரணம்.

அதே மன்ரோ விசாரணைக்குள், எல்லோரும் மேற்கோள் காட்டியும் இந்த நோக்கில் ஒருவரும் ஊன்றிப் படியாத ஓர் ஆவணம் இருக்கிறது. பல்லாரிக் கலெக்டர் ஏ. டி. காம்ப்பெல் 1823 ஆகஸ்டில் எழுதிய கடிதத்தைச் சொல்கிறேன். ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அம்மாவட்டத்தில் 533 பள்ளிகளும் 6,641 மாணாக்கரும் இருந்ததாக அவர் கணக்குக் கொடுக்கிறார். நம்மவர் அதனை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதே கடிதத்தில், காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் நாமம் எழுதப்படும் என்றும், இரண்டாவது வருபவன் புகழ்ச்சிக்கும் இகழ்ச்சிக்கும் உரியவனல்லன் என்று குறிக்க ஒரு சுழி இடப்படும் என்றும், மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடியும், நான்காமவனுக்கு இரண்டும், பின்வருவோர்க்கு ஒவ்வொன்று கூடுதலாகவும் விழும் என்றும் எழுதியிருக்கிறார். பிரம்பை நான் சிபாரிசு செய்யவில்லை. ஒவ்வொரு பிள்ளையின் வருகையையும் தனித்தனியே கண்டறிந்த ஒரு முறை இங்கே இருந்தது என்பதே நான் சுட்ட வருவது. இன்னும் சில பத்திகள் கடந்து, வறுமை மிகுந்துவிட்டதால் பிள்ளைகளின் இளங்கைகள் சிறு வேலைக்குப் பயன்படத் தொடங்கியவுடனே பெற்றோர் அவர்களை உழைப்புக்கு அழைத்துக்கொள்கிறார்கள் என்றும் அவர் வருந்துகிறார். வாராமையின் வடிவத்தையும் காரணத்தையும் ஒரே கடிதத்தில் வைத்த அந்த அதிகாரியை நாம் இருநூறாண்டுகளாக வெறும் எண்ணுக்காகவே வாசித்து வந்திருக்கிறோம்.

நம் காலத்துக்கு வருவோம். வகுப்பாசிரியர் காலைக்கு ஒரு சாய்கோடும் பிற்பகலுக்கு அதன் குறுக்கே மற்றொரு கோடும் இட்டு நிரப்பும் வருகைப் பதிவேட்டை, மேலிருந்து கீழாகவும் படிக்கலாம், இடமிருந்து வலமாகவும் படிக்கலாம். மேலிருந்து கீழே படித்தால் அன்றைய கூட்டுத்தொகை கிடைக்கும். அதிலிருந்து சதவீதம் பிறக்கும். சதவீதம் அறிக்கையில் ஏறும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் நாள்தோறும் முப்பத்தாறு பேர் வந்தால் 90 சதவீதம் என்று மகிழ்கிறோம். அந்த நால்வர் நாளுக்கு நாள் மாறினால் அது சளி, காய்ச்சல், உறவினர் திருமணம் என்னும் உலகியல்பு. எந்நாளும் அதே நால்வராயின் அது நான்கு பிள்ளைகளின் கல்வி முடிந்துபோன செய்தி. சதவீதத்துக்கு இவ்விரண்டும் ஒன்றே. இடமிருந்து வலமாக ஒரு பெயரின் எதிரே செல்லும் வரியைப் படித்தால் மட்டுமே வேற்றுமை தெரியும். அமெரிக்காவில் பள்ளி நாள்களில் பத்தில் ஒரு பங்கை, காரணம் எதுவாயினும், இழந்த பிள்ளையைத் தனியே கணக்கெடுக்கும் வழக்கம் பரவியிருப்பது இந்த வரிவாசிப்பின் பயனே. நம் அரசாங்க இலக்கணமோ முன்னறிவிப்பின்றித் தொடர்ந்து 45 நாள் வாராத பிள்ளையைத்தான் பள்ளி செல்லாப் பிள்ளை என்று கருதுகிறது. தொடக்கப்பள்ளிக்குச் சட்டம் வகுத்த 200 நாள்களில், வாரம் இரண்டு நாள் வீதம் 80 நாள் இழக்கும் ஒரு சிறுமி இந்த வலையில் ஒருபோதும் அகப்படமாட்டாள்.

முன்னொரு கருத்தரங்கில் என் நண்பரொருவர், ஆசிரியர் பணியிடங்கள் மாணவர் தொகையைப் பொறுத்திருக்கும் நாட்டில் பதிவேடு பொய்ச்சாட்சி என்றும், அதனை நம்பி ஆராய்வது வீண் என்றும் கூறி மிகுந்த கைதட்டல் பெற்றார். அன்று நேரமின்மையால் மறுமொழி கூற இயலாதிருந்த எனக்கு இன்று இந்த ஆசனம் வாய்த்திருக்கிறது. பொய் எழுதுபவர் கூட்டுத்தொகைக்காக எழுதுகிறார். ஆகவே பொய் பெரிதும் கீழ்நோக்கிய கணக்கில்தான் குடியிருக்கும். ஊர்த் திருவிழாவிலும் நடவிலும் அறுவடையிலும் ஒரு பிள்ளையும் குறையாத வகுப்பின் பதிவேட்டைக் கண்டால் அதனைப் பொய் என்று ஐயுறுவதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. சத்துணவுக் கணக்கில் உண்டவர் தொகையை அருகே வைத்தால் ஐயமும் தெளிந்துவிடும். சாட்சி பொய் சொல்லக்கூடும் என்பதற்காக எந்த நியாயாதிபதியும் விசாரணையைக் கைவிடுவதில்லை. நண்பர் இந்த அரங்கிலேயே இருக்கிறார். தேநீர் வேளையில் அவரிடம் மறுப்பை எதிர்பார்க்கிறேன்.

வரிகளைப் படித்தால் பரிகாரங்களும் வேறுபடும். ஒடிசாவின் பாலங்கீரிலிருந்து திருவள்ளூர்ச் செங்கற்சூளைகளுக்குப் பெற்றோரோடு வரும் பிள்ளையின் வரி, சொந்த ஊர்ப் பதிவேட்டில் சூளைப் பருவம் முழுதும் வெறுமையாகக் கிடக்கும். அவனுக்கு வேண்டியது சூளையருகே அவன் மொழி தெரிந்த ஆசிரியரும், ஊர் திரும்பினால் தடையின்றி ஏற்கும் வகுப்புமாகும். வாரச் சந்தையன்று மட்டும் வாராத சிறுமியின் வரியோ, தாய் சந்தைக்குச் செல்ல, கைக்குழந்தையை அவள் காக்கிறாள் என்று சொல்லக்கூடும். அவளுக்கு வேண்டியது தாய் திரும்பும்வரை திறந்திருக்கும் அங்கன்வாடி. பெற்றோருக்கு அபராதம் விதித்தால் எல்லாம் சரியாகும் என்போர் இவ்விரு வரிகளையும் ஒருமுறை படித்துவிட்டு, எந்த வரிக்கு அபராதம், அதனைச் செலுத்தப் போவது யார் என்று எனக்கு விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆகவே இரண்டு வேண்டுகோள்களோடு மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன். பழைய வருகைப் பதிவேடுகளைக் கழிவுத்தாளாக விற்காமல் மாவட்டந்தோறும் சிலவற்றையேனும் காத்துவைக்க இந்த அவை அரசை வற்புறுத்தித் தீர்மானம் இயற்ற வேண்டும் என்பது முதலாவது. சராசரி வருகைச் சதவீதம் ஒன்றைக் கூறும் எவரும், அதன் பின்னே எத்தனை பிள்ளைகள் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்தனர் என்பதையும் கூறியே மேடையிலிருந்து இறங்க வேண்டும் என்பது மற்றது. இதற்கு இணங்காத கட்டுரைகளைக் கேள்வி நேரத்தில் நானே முதலில் எழுந்து கேட்பேன். தலைவருக்கு அவ்வுரிமை உண்டா என்பதை விதிகளைப் பார்த்துச் செயலாளர் பின்னர்த் தெரிவிக்கட்டும்.